முனி வளைவில் நின்ற ஜீப்

பிரஷாந்தினி வீட்டு வாசலில் ஒரு ஜீப் இரண்டு வருஷமாக ஓடாமல் நின்றது. அதை ஜீப் என்று சொன்னவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவளுடைய அப்பா இந்திரகுமார். இன்னொருத்தி பிரஷாந்தினி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த மற்ற எல்லாருக்கும் அது துணி காயப்போடுகிற இடம்.

குருவிட்டைக்கு மேலே மலையில் இருக்கிற ரப்பர் தோட்டம் அது. அதில் உச்சியில், இவர்கள் வீடு இருக்கும் பிரிவை மேக்கணக்கு என்பார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஏறிப் போய்வந்த ஜீப், பிறகு ஸ்டோருக்குப் பின்னால் கிடந்து துருப்பிடித்தது. அதன் மேல் கொடி ஏறியது. உள்ளே கோழிகள் முட்டையிட்டன. "இடம் காலியானால் போதும், எடுத்துக்கொண்டு போ" என்று ஸ்டோரில் சொன்னதும், அப்பா எட்டுப் பேரைக் கூட்டி வந்து அதை வீட்டு வாசலுக்கு இழுத்து வந்துவிட்டார்.

"எல்லாரும் குப்பையை வெளியில கொண்டுபோய்க் கொட்டுவாங்க. நீங்க வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க" என்றார் அம்மா புஷ்பம்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொள்வார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும். பிரஷாந்தினி சேண்ட் பேப்பரை வைத்துத் துருவைத் தேய்ப்பாள். இடது பக்கக் கதவு முழுக்க அவள் தேய்த்ததுதான். அதில் யாராவது சாய்ந்து நின்றால் அவளுக்குக் கோபம் வரும்.

இந்த வருஷம் அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அங்கே அதற்கு மேல் வகுப்பு கிடையாது. இரத்தினபுரி டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஆனால் டவுன் பஸ் காலை ஆறேகாலுக்குத் தார் ரோட்டில் வந்து நிற்கும். மேக்கணக்கிலிருந்து தார் ரோட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் கல்லும் பள்ளமுமான பாதை. இருட்டோடு இருட்டாகத் தனியாக நடந்து போக முடியாது. முன்பு ஒரு த்ரீவீல்காரர் ஒரே ஒரு தடவை ஏறி வந்தார். இறங்கிப் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இரத்தினபுரியில கோகிலா சித்தி வீட்டுல தங்கிப் படிக்கட்டும். லீவுக்கு வரட்டும்" என்று அம்மா முடிவு செய்தார்.

சித்தி நல்லவர்தான். ஆனால் அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? அதை நினைத்து நினைத்துப் பிரஷாந்தினிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். "ஜீப் ஓடட்டும். காலையில நானே கொண்டுபோய் பஸ் ஏத்துறேன். சாயங்காலம் நானே கூட்டிட்டு வர்றேன். ஓடலைன்னா அம்மா சொன்ன மாதிரிதான். சரியா?" என்றார்.

"சரிப்பா."

பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. அப்பா வேகமாக வேலை செய்தார். கடைசியில் ஒரே ஒரு சாமான்தான் மிச்சம். பெட்ரோல் டேங்கின் மூடி எங்கேயோ தொலைந்திருந்தது. டவுனில் தேடியும் கிடைக்கவில்லை.

அப்பாவுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடுகிற ஸ்மோக் ரூமில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறவர் அவர். ரப்பர் பாலை உறைய வைத்து, புகை போட்டு, வெட்டிச் செதுக்கி, அச்சாக ஒரு மூடி செய்துவிட்டார். தட்டில் வைக்காத குறையாக அதை லயம் முழுக்கக் காட்டினார்.

"இழுத்துப் பாருங்க. வருதா? காத்துகூட உள்ள போகாது" என்று எல்லாரிடமும் சொன்னார்.

முதல் ஓட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது. ஜீப் இருமியது, புகைந்தது, கிளம்பியே விட்டது. பின் சீட்டில், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற பக்கத்து வீட்டு இராமையா கங்காணி ஏறிக்கொண்டார். வேலை செய்யும்போது ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர், ஓடும்போது முதல் ஆளாக ஏறினார்.

ஒரு கிலோமீட்டர் போனதும் முனி வளைவு வரும். அங்கே மரத்தடியில் முனி சாமி இருக்கிறார். ஒரு கல்லும் ஒரு சூலமும்தான். அந்தப் பக்கம் போகிற எந்த வண்டியும் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். அப்பா சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டார். ஆனால் ஜீப் மறக்கவில்லை. வளைவு வந்ததும் முக்கி முனகி நின்றது.

"முனியைக் கும்பிடாம தாண்டப் பாத்தா விடுமா?" என்றார் கங்காணி.

அப்பா மூடியைப் பிடுங்கி, டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மூடியை இறுக்கிவிட்டு முனியைக் கும்பிட்டார். ஜீப் கிளம்பியது. திரும்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் தானாகவே அணைந்தது.

சனிக்கிழமை காலையிலேயே அப்பா நடந்துபோய் முனிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பிறகு டேங்கில் பெட்ரோல் ஊற்றி ஜீப்பை எடுத்தார். ஜீப் நேராகப் போய் அதே வளைவில் நின்றது. அப்பா மறுபடியும் குச்சியை விட்டுப் பார்த்தார். மறுபடியும் கிளம்பியது. மறுபடியும் வீட்டு வாசலில் அணைந்தது.

"தேங்காய்க்கு அடங்கல. சேவல் கேக்குது" என்றார் கங்காணி. அவர் பார்வை அம்மாவின் சேவல் மேல் இருந்தது.

"முனிக்குச் சேவல் வேணும்னா முனியே வந்து என்கிட்ட கேக்கட்டும்" என்றார் அம்மா.

அன்று முழுக்க அப்பா பைப்பைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார், பூட்டினார். குறை எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு, பழைய இரும்பு வாங்குகிற கபூருக்குப் போன் போட்டார்; எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். பிரஷாந்தினி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கபூர் நானா வியர்த்து விறுவிறுத்து நடந்தே வந்து சேர்ந்தார். அவருடைய லொறி இந்தப் பாதையில் ஏறாது என்று தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டாராம். ஜீப்பைச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது ஓடுற சாமான் இல்ல தம்பி. நிறுக்கிற சாமான்" என்றார்.

அப்பா இடது பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானாவுக்கு டீ போடணும். அந்த டின் பாலை உடைச்சுக் குடு" என்று அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார். பிரஷாந்தினி ஆணியை வைத்து டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். பால் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. அவள் டின்னை உலுக்கினாள். அப்போதும் வரவில்லை.

"மனசு எங்க இருக்கு உனக்கு? இன்னொரு ஓட்டை போடு. காத்து உள்ள போனாத்தானே பால் வெளியில வரும்" என்றார் அம்மா.

அவள் இன்னொரு ஓட்டை போட்டாள். பால் கடகடவென்று இறங்கியது. டம்ளர் நிரம்பி வழிந்தும் அவள் டின்னை நிமிர்த்தவில்லை. அம்மா திட்டியது அவள் காதில் விழவில்லை.

வாசலுக்கு ஓடப் போனவள், கதவருகில் நின்றுவிட்டாள். வெளியே கபூர் நானா இருந்தார். கங்காணியும் வந்து உட்கார்ந்திருந்தார். லயம் முழுக்கக் காட்டிய மூடியைப் பற்றி அவர்கள் முன்னால் சொன்னால், அப்பாவுக்கு எப்படி இருக்கும்?

"அப்பா, கொஞ்சம் குசினிக்கு வாங்க" என்று மட்டும் கூப்பிட்டாள்.

அப்பா வந்தார். அவள் ஒரு ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு டின்னைக் கவிழ்த்தாள். பால் நின்றது. விரலை எடுத்தாள். பால் ஓடியது. மறுபடி அடைத்தாள். மறுபடி நின்றது.

"டீ போடப் போறியா, விளையாடுறியா?" என்றார் அப்பா.

"பெட்ரோலும் இப்படித்தானேப்பா? இஞ்சினுக்கு இறங்க இறங்க, டேங்குக்குள்ள காத்து போகணுமே. ரெண்டு தடவையும் நீங்க மூடியைத் திறந்து குச்சி விட்ட பிறகுதான் ஸ்டார்ட் ஆச்சு."

அப்பாவின் முகம் சுருங்கியது. "என் மூடியில குறைங்கிறியா?"

"இல்லப்பா. உங்க மூடி நல்ல மூடி. ரொம்ப ரொம்ப நல்ல மூடி. அதுதான் கஷ்டமாப் போச்சு."

அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பதை மறைக்கத்தான். அப்பா டின்னை வாங்கினார். ஓட்டையைத் தானே விரலால் அடைத்தார், திறந்தார், அடைத்தார். பிறகு வெளியே போய் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மூடியின் நடுவில் குத்தினார். குசினி முழுக்க ரப்பர் கருகிய நாற்றம் வந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மூடி ஆறியதும் அதைக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு அப்பா, "நானா, டீயைக் குடிச்சிட்டு ஏறுங்க. லொறி வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

"நடந்தே போயிடுவேன் தம்பி. தள்ளுறதுக்கு எனக்கு இடுப்பு சரியில்ல" என்றார் கபூர் நானா. ஆனாலும் ஏறினார். கங்காணியும் ஏறினார். அவர் கக்கத்தில் அம்மாவின் சேவல் இருந்தது. எப்போது பிடித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

ஜீப் கிளம்பியது. பிரஷாந்தினி முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளம் வந்தது, கல் வந்தது, ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. முனி வளைவு வந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இஞ்சின் சத்தம் நின்றது.

"நான் சொல்லல?" என்றார் கங்காணி. கபூர் நானா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். பிரஷாந்தினிக்குக் கண்ணைத் திறக்கவே பிடிக்கவில்லை.

"எதுக்கு எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க? நான்தான் நிப்பாட்டினேன்" என்றார் அப்பா. "முனியைக் கும்பிடாம எப்படிப் போறது? இறங்குங்க."

எல்லாரும் இறங்கிக் கும்பிட்டார்கள். கபூர் நானா மட்டும் சேவலைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அப்பா சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஜீப் பிடித்துக்கொண்டது. வளைவைத் தாண்டியது, பாலத்தைத் தாண்டியது, ஐந்து கிலோமீட்டரும் ஓடித் தார் ரோட்டில் போய் நின்றது. அப்பா டேங்கைத் திறக்கவே இல்லை.

கபூர் நானா இறங்கித் தன் லொறியைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். "நான் இரும்பை ஏத்திட்டுப் போக வந்தேன். இரும்பு என்னை ஏத்திட்டு வந்திருக்கு. சரி, நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

"சேவலைக் கண்டதுமே முனிக்கு மனசு இரங்கிடுச்சு" என்று கங்காணி திரும்பும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பிரஷாந்தினி சேவலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சேவல் பத்திரமாக அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கிய திங்கட்கிழமை ஜீப் மேக்கணக்கிலிருந்து ஐந்தரை மணிக்கே கிளம்பியது. பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. அப்பாவுக்கு அவ்வளவு அவசரம். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பிரஷாந்தினி இறங்கியபோது, ஜீப் அவளுக்காக ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது.

அவள் வீட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அம்மா சித்திக்குப் போன் எடுத்தார்.

"கோகிலா, எங்க புள்ளைக்குன்னு போட்ட கட்டிலை எடுத்துடு. அவ தினமும் வீட்டுக்கே வந்துருவா. ஆமா, ஜீப் ஓடுது. நல்லாவே ஓடுது. யாரு சரி பண்ணினதா?"

அம்மா வாசல் பக்கம் பார்த்தார். அப்பா அங்கே டயரில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எம் மகதான்" என்றார்.

"அதை ஏன் மெதுவாச் சொல்ற? சத்தமாச் சொல்லு. கங்காணி வீட்டுக்கும் கேக்கட்டும்" என்றார் அப்பா வாசலிலிருந்து.

அம்மா சத்தமாகவே சொன்னார்.