தொண்டைப்பாறை

அன்றைக்கு அண்ணன் போனில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ரூபி, சாயங்காலம் தோட்டத்துக்கு வா. தொண்டைப்பாறைக்குள்ள போய்ச் சுனைத் தண்ணி எடுக்கணும். அதைத் தெளிச்சா புள்ளைக்குச் சரியாயிரும்னு சொல்றாக. எனக்கு அந்த இடுக்குல உடம்பு நுழையாது. நீ ஒல்லி."

போன் அணைந்த பிறகும் ரூபி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் இருதயநாதன் வாயிலிருந்து 'பாப்பா' தவிர வேறு பேர் வந்து அவள் கேட்டதில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். கல்யாணமே வேண்டாம் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றபோது வீடே இரண்டுபட்டது. அந்தச் சண்டையில்கூட அவள் பாப்பாதான். பிள்ளைக் கவலையில் வாய் தவறியிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.

ரூபி திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறாள். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றிச் சிறுமலை அடிவாரத்துக்குக் கூட்டிப்போவாள். பாறையில் வெள்ளை வெள்ளையாக வரியோடும் வெங்கச்சங்கல், மாதுளை முத்தைப் பதித்தது போன்ற சிவப்புப் புள்ளிகள், வெயிலிலும் வற்றாத சுனைகள், எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில் அண்ணன் தோட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். கல்தூண் பந்தலுக்கு அடியில் பன்னீர் திராட்சையைத் தின்றபடி, மதினி ஜோஸ்பின் ஜாடியில் ஊறப்போட்ட ஒயினை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, கோடி வருஷப் பாறையை மறந்து திராட்சை கிலோ என்ன விலை என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொள்வதில்லை. மனிதருக்குக் கல்லைவிடப் பழம் ருசியாகத்தானே இருக்கும்.

தோட்டத்துக்கு மேலே, அரை மணி ஏறினால் தொண்டைப்பாறை. வீட்டளவு பெரிய இரண்டு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவு உள்ளே இறங்கிப் போகிறது. அதன் அடியில் சுனை இருப்பதாகச் சொல்வார்கள். அங்கே எதிரொலி கிடையாது. எவ்வளவு கத்தினாலும் பாறை சத்தத்தை விழுங்கிக்கொள்ளும். அதுதான் அதன் விசேஷம்.

அங்கே யார் பேரையும் சொல்லக் கூடாது என்பது அடிவாரத்துக்காரர்களின் வழக்கம். அங்கே ஏறிவிட்டால் பெற்ற தகப்பனும் மகனை 'ஏலே' என்பான், இல்லையென்றால் 'அப்பு' என்பான். ரூபிக்கு அதில் நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனாலும், சகுனத்தை நம்பாதவர்கள்கூடப் பூனை குறுக்கே போனால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள் அல்லவா, அதுபோல அவளும் அங்கே பேர் சொல்லாமல்தான் இருந்தாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் வந்த ஒரு கூட்டத்தில் மதுரைக்காரர் ஒருவருக்கு அந்த வழக்கம் தெரியாது. அண்ணன் மகள் ஜெயமேரி அன்றைக்குக் கூடவே ஏறி வந்திருந்தாள். பிளவின் வாசலில் அவளை நிறுத்திப் போட்டோ எடுக்கும்போது, "ஜெயமேரி, இங்க பாரும்மா" என்றார் அவர். பாறை வழக்கம்போல் விழுங்கிக்கொண்டது. எல்லாரும் கீழே இறங்கி, பந்தலில் உட்கார்ந்து ஒயின் குடிக்கும்போது மேலேயிருந்து சத்தம் வந்தது.

"ஜெயமேரி."

அதே மதுரைக்காரரின் குரல். அவரோ வாய் நிறையத் திராட்சையோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். ரூபியும் சிரித்தாள். காற்று, வெப்பம் என்று ஏதோ விளக்கமும் சொன்னாள். அண்ணன் மட்டும் எழுந்து போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், அவள் இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டி வெகு நாளாகியிருந்தும்.

அன்று முதல் பொழுது சாய்ந்தால் ஜெயமேரி மலையைப் பார்த்த ஜன்னலில் போய் நிற்கிறாள். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "வாரேன்" என்கிறாள். கொஞ்சம் கழித்து, "இந்தா, வாரேன்." சோறு இறங்குவதில்லை. கதவுக்குப் பூட்டுப் போட்டுத்தான் தூங்குகிறார்கள். மதுரை டாக்டர்களிடம் காட்டியாயிற்று, வேளாங்கண்ணியில் மொட்டையும் போட்டாயிற்று. ரூபிக்கு அந்தப் பிள்ளை உயிர். அவளுக்காக எந்தப் பாறைக்குள்ளும் நுழைவாள். அது அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. திராட்சைக்குக் கவாத்து முடித்திருந்தார்கள். வெட்டிய கொடி நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கவாத்துக்குப் பிறகு கொடி அழுவது எல்லா வருஷமும் உள்ளதுதான். ஆனால் இந்த முறை பந்தல் முழுக்க ஒரே தாளத்தில் சொட்டியது. எல்லா நுனியும் ஒன்றாகச் சொட்டின. எல்லா நுனியும் ஒன்றாக நின்றன. ஷெட்டிலிருந்து கிறிஸ்துமஸ் ஒயின் புளிக்கும் வாசம் வந்தது.

மதினி காப்பி கொடுத்தாள். ரூபியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"என்ன மதினி, அழுதீகளா?"

"இல்ல பாப்பா. வெங்காயம் உரிச்சேன்."

அடுப்படியில் வெங்காய வாசமே இல்லை. ரூபி காப்பியைக் குடித்தாள். மதினி அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"உத்தரியத்தக் கழட்டி வச்சுட்டுப் போ பாப்பா. இடுக்குல மாட்டிக்கிரும்."

சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளில் அண்ணன் கழுத்தில் போட்டுவிட்ட, மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு அது. கயிறு நைந்து பலமுறை மாற்றியிருக்கிறாள், கழற்றியதில்லை. மதினியே பின்னால் வந்து தலைக்கு மேலாகக் கழற்றினாள். கழற்றியதை மேசையில் வைக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜெயமேரி ஜன்னலில் நின்றாள். மொட்டைத் தலையில் முடி குத்துக் குத்தாக முளைத்திருந்தது. ரூபி அவள் தலையில் முத்தமிட்டாள்.

"அத்தை மருந்து எடுத்துட்டு வாரேன்டி செல்லம். செத்த நேரத்துல வந்துருவேன்."

பிள்ளை திரும்பவில்லை.

மலைப் பாதையில் அண்ணன் முன்னால் நடந்தார். வழக்கமாக ஏறும்போது சீட்டியடிப்பார், பாம்புக்குச் சத்தம் காட்டுவதாகச் சொல்வார். அன்றைக்குச் சீட்டி இல்லை. கையில் ஒரு தூக்குவாளி. வழுக்கலான இடத்தில் திரும்பி, சின்ன வயதில் நீட்டியதுபோலவே கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று வேர்த்திருந்தது.

"யாருண்ணே சொன்னது, சுனைத் தண்ணி தெளிக்கச் சொல்லி?"

"உடையப்பன்."

மலையடியில் ஆட்டுக்கிடை போடும் உடையப்பன் போன தைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று மதினி சொன்ன ஞாபகம் ரூபிக்கு. கேட்கலாம் என்று வாயெடுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். சொந்த அண்ணனைப் போய் யாராவது குறுக்குக் கேள்வி கேட்பார்களா?

பிளவின் வாசலில் வாளியை வாங்கிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தோடு பக்கவாட்டில் நுழைந்தாள். மார்பிலும் முதுகிலும் கல் உரசியது. வெளியே அடித்த அனல் சட்டென்று நின்று, ஈரத் துணியைப் போர்த்தியதுபோல் குளிர் வந்தது. பயத்தைப் பாடத்தால் அடக்கப் பார்த்தாள். இது வெங்கச்சங்கல் நரம்பு, இது இறுகிப்போன பழைய பாறை, இந்த வழவழப்பு தண்ணீர் ஓடி ஓடி வந்தது என்று வகுப்பில் சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். ஆனால் வழவழப்பு தண்ணீர் ஓடும் அடியில் மட்டும் இல்லை. இரண்டு பக்கமும், ஆள் கை உயரத்தில், கைப்பிடிச் சுவரைப்போல் தேய்ந்து மினுங்கியது.

இன்னும் கீழே போனதும் வாசம் வந்தது. திராட்சை புளிக்கும் வாசம், தோட்டத்து ஷெட்டில் வீசும் அதே வாசம். இங்கே திராட்சைக்கு என்ன வேலை? அவள் நின்றாள். சொட்டுச் சத்தம் கேட்டது. கீழே கவாத்து வெட்டிய கொடிகள் சொட்டிய அதே தாளம்.

சுனை இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சத்தைக் காட்டினாள். தண்ணீர் இல்லை. பொட்டு ஈரம்கூட இல்லை. காய்ந்த மணல்தான் இருந்தது. மணலில் நிறையக் காலடிகள். எல்லாம் செருப்பில்லாத காலடிகள். எல்லாம் உள்ளே போகிற காலடிகள்.

"அண்ணே," என்றாள். "இங்க தண்ணியே இல்லண்ணே."

மேலே, வாசலில் தெரிந்த ஒரு கோடு வானத்தை அண்ணனின் உருவம் மறைத்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ரூபி ஆரோக்கியமேரி."

ஞானஸ்நானத்தில் சாமியார் சொன்ன முழுப் பேர்.

பாறை விழுங்கிக்கொண்டது.

அவளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. போனில் வந்த பேர். மதினியின் முந்தானை முடிச்சு. வேர்த்த கை.

"பேர் சொல்லிட்டீகளேண்ணே."

மேலே அழுகை கேட்டது. அண்ணன் அழுது அவள் கேட்டதில்லை, அப்பா சாவில்கூட. "எனக்கு ஒரே புள்ள பாப்பா," என்றார். "ஒரு பேருக்கு இன்னொரு பேரு குடுத்தா விட்ருமாம். வேற யாரு பேரச் சொல்ல? அது ரெத்தமா இருக்கணுமாம்."

ரூபிக்குப் பயத்தைவிட முதலில் வந்தது வேறு. நெஞ்சில் அடித்துக்கொண்டு கதற வேண்டும்போல இருந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவர் வேறு யாராவது என்றால் திட்டித் தீர்த்திருப்பாள்.

"கேட்டிருக்கலாமேண்ணே. கேட்டிருந்தா நானே வந்து எம்பேரைச் சொல்லியிருப்பேனே."

உருவம் விலகியது. காலடிகள் சரளைக்கல்லில் சறுக்கி இறங்கின. வாளியைப் போட்டுவிட்டு அவள் திரும்பி ஏறினாள். வந்த வழிதான். ஆனால் கல் மார்பை அழுத்தியது. இன்னும் ஒரு சாண். அழுத்தியது. மூச்சு விட்டால் நெருங்கியது. தலையும் கைகளும் மட்டும் வாசலுக்கு அருகில். உடம்பு வரவில்லை.

அப்போது கீழேயிருந்து, அவளுக்குப் பின்னாலிருந்து, அவளைக் கூப்பிட்டார்கள்.

"ரூபி ஆரோக்கியமேரி."

அண்ணனின் குரல். அவர் அழுதபடி வெளியே இறங்கிக்கொண்டிருந்தார்.

பதில் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்தாள். சொல்லவே கூடாது.

"வாரேன்," என்றது அவள் வாய்.

செல்போன் அணைந்தது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. பிளவின் கோட்டில் கீழே சமவெளி தெரிந்தது. தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே கல்தூண் பந்தல், ஓட்டு வீடு, வாசல். அவ்வளவு தூரத்திலும் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. அங்கே மதினி ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜெயமேரி. பிள்ளை சாப்பிட்டாள். வாய் திறந்து, ஆ காட்டி, மறு கவளம் வாங்கினாள். இத்தனை நாளுக்குப் பிறகு.

ரூபிக்கு அழுகை வந்தது. அடி பாவி, நல்லா இரு, என்று நினைத்தாள். மனசார நினைத்தாள். இதற்குத்தான் என்றால் போகட்டும். அண்ணனையும் மன்னிக்கலாம் என்று தோன்றியது.

அண்ணன் வாசலுக்கு வந்து சேர்ந்தார். மகள் சாப்பிடுவதைப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம், அவர் மனசு மாறினாலும் மாறும். ரூபி மூச்சை இழுத்து, 'அண்ணே' என்று கத்த வாயைத் திறந்தாள்.

"ஜெயமேரி."

அவள் குரல்தான். பிள்ளையைத் தூங்க வைக்கும்போது வரும் அதே குழைவு.

இல்லை. அவள் 'அண்ணே' என்றாள். அண்ணே என்றுதான் சொன்னாள்.

"ஜெயமேரி. செல்லம்."

கீழே பிள்ளை தலையைத் தூக்கினாள்.

ரூபி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். உதட்டைப் பல்லால் கிழித்தாள். ரத்தம் திராட்சைபோல் புளித்தது. வாய் மூடியிருந்தது. நன்றாக மூடியிருந்தது.

"அத்தை இங்க இருக்கேன்டி. வா."

மதினி தட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். அண்ணன் மகளை எட்டிப் பிடித்தார். கையில் சட்டை மட்டும் சிக்கி, நழுவியது. பந்தலுக்குள் கொடி நுனிகள் சொட்டுவது நின்றது.

பந்தலின் இந்தப் பக்கம் மொட்டைத் தலை ஒன்று வெளியே வந்தது. பாதையில் கால் வைத்தது. முதல் முறையாகப் பிள்ளையின் முகத்தில் பயமே இல்லை. கூப்பிடுவது அத்தை அல்லவா.

"இந்தா, வாரேன் அத்தை," என்று சிரித்துக்கொண்டே ஏற ஆரம்பித்தாள்.