உயிரோடு திரும்பினார்

செருப்பைக் கழற்றும் முன்பே ஃபேன் ஸ்விட்சைத் தட்டுகிற ஆசாமி கோபு. அன்று சாயங்காலம் டாக்குரியா ஃப்ளாட்டுக்குள் வந்தவன் ஃபேனையும் போடவில்லை, விளக்கையும் போடவில்லை. ஹாலில் நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும், உள்ளறையில் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பத்மஜாவுக்குக் கேட்டது.

“வந்துட்டேளா?”

“ம்.”

காணாமல் போனவர்களின் படங்களை அடையாளம் தெரியாத பிணங்களின் படங்களோடு ஒப்பிடும் போலீஸ் மென்பொருளைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. நாடு முழுக்க எல்லா ஸ்டேஷனுக்கும் அதுதான். காலையில் கோபு ஆபீஸ் போனதும், சோதித்துப் பார்க்க வேறு படம் கிடைக்காமல், புத்தி கெட்டுப்போய்ப் புருஷன் படத்தையே ‘காணவில்லை’ என்று ஏற்றினாள். ஏறியது சோதனைத் தளத்தில் அல்ல, நிஜத் தளத்தில். அழிக்க வழியில்லை, மூடத்தான் முடியும். ‘உயிரோடு திரும்பினார்’ என்று மூட, ஒரு போலீஸ்காரர் ஆளை நேரில் பார்த்துச் சான்று தரவேண்டும். ‘இறந்துவிட்டார்’ என்று மூட அவள் ஒருத்தி போதும். கை கூசியது. வேலை போய்விடுமே என்ற பயத்தில் அதையே தட்டினாள்.

இப்போது அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு படம் வந்திருந்தது. பாலிகஞ்ச் ரயில் நிலையம் தாண்டித் தண்டவாளத்தோரம், மத்தியானம் கிடைத்த உடல். முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சட்டையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. இரண்டாவது பொத்தானில் சிவப்பு நூல். வெள்ளை நூல் தீர்ந்துபோய், காலையில் அவசர அவசரமாக அவள்தான் தைத்தாள்.

ஹாலில்தானே இருக்கிறார்? ‘ம்’ என்றாரே?

வெளியே யாரோ விளக்கேற்றிச் சங்கை இழுத்து ஊத, கீழ்வீட்டுக் கடுகெண்ணெய்ப் புகையை மீறிக்கொண்டு, துருவும் ஈர ஜல்லியும் கலந்த வாடை, ரயில் போன பின் தண்டவாளத்தில் நிற்கிற அதே வாடை, ஹாலிலிருந்து கதவிடுக்கு வழியே மெல்ல உள்ளே வந்தது.

காலையில் மூடினாள். மத்தியானம் உடல் கிடைத்தது.

திருத்த வேண்டும். ‘மீண்டும் திற’ என்பதைத் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“ஏன்னா... ஏதாவது பேசுங்கோளேன்.”

நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் இல்லை. கதவு திறந்தது.

லேப்டாப் வெளிச்சம் அவன் மார்பு வரைதான் எட்டியது. வெள்ளைச் சட்டை. சிவப்பு நூல். அவள் நிமிரவில்லை.

“நீதானே மூடினே, பத்மா?” குரலில் கோபமே இல்லை. “அப்புறம் ஏன் திறக்கறே?”

ஈரக் கை ஒன்று அவள் தோளைத் தாண்டி நீண்டு, லேப்டாப்பை மெதுவாக மூடியது.