எடுத்துக்காட்டு வாக்கியம்

அன்று சொற்குழுவில் கூடியவர்கள் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில், சன்னலுக்கு முதுகு காட்டித் தலைவர் வேலாயுதம். அவருக்கு வலப்பக்கம் மனநல மருத்துவர் ரோஸ்லின். ரோஸ்லினுக்கு எதிரே பொறியாளர் ஜாபர். கதவோரம், கடிதம் எழுதுகிறவருக்கென்று போட்ட சின்ன மேசையில் செண்பகவல்லி. ‘பொதுமக்கள்’ என்று பலகை வைத்த ஐந்தாவது நாற்காலி வழக்கம்போல் காலி.

சன்னல் வழியே, ஊரைவிட உயர நிற்கும் தண்ணீரைத் தடுக்கும் கடல்மதில் தெரிந்தது. அதற்கு அப்பால் போகும் கப்பல்கள் ஊரின் மொட்டைமாடிகளுக்கு மேலே மிதப்பதுபோல் இருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் யாரும் பார்ப்பதில்லை.

எடுத்துக்கொண்ட சொல் ஒன்றே ஒன்று: புலம்பல்.

தெருவுக்கு ஓர் ஆற்றறை இருக்கும் ஊர் அது. மனம் கனத்தால் உள்ளே போய், நெஞ்சுப்பட்டையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வரலாம். காது கொடுப்பது செவியன் என்னும் பொறி. சொன்னது முறையீடு என்று அதற்குப் பட்டால் அலுவலகத்துக்கு அனுப்பும். ஆள் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம். புலம்பல் என்று பட்டால் கடைசிவரை கேட்டுவிட்டு அழித்துவிடும். இரண்டையும் பிரிக்கச் செவியனுக்குக் கற்றுக்கொடுப்பது சொற்குழு. இணைய வலையில் அனுப்பினால் வழியில் எவராவது திருத்திவிடுவார்கள் என்று, சொல்லின் பொருளையும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் கையால் எழுதி, அரக்கு வைத்து, செவியனுக்குப் போகும் காற்றுக்குழாயில் போடுவது வழக்கம்.

அந்த வருஷம் முறையீடுகள் மலையாகக் குவிந்துவிட்டன. பார்க்க ஆள் போதவில்லை. புலம்பலைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ரோஸ்லின் தான் எழுதிவந்ததைப் படித்தார். “பதிலை எதிர்பாராமல் மனச்சுமையை இறக்கி வைக்கும் பேச்சு.”

ஜாபர் தலையாட்டினார். செண்பகவல்லி பேனாவை எடுத்தாள். எடுத்தவள் எழுதவில்லை.

அவள் தம்பி இசக்கிராசனுக்கு மதிலின் அடிச்சுரங்கத்தில் நீர் இறைப்பான் பார்க்கும் வேலை. சுவரில் கசிவைப் பார்த்து மேற்பார்வையாளரிடம் சொன்னான். போய் ஆற்றறையில் சொல்லு, மனசு ஆறும் என்று அனுப்பிவைத்தார். சொன்னான். திரும்பவும் சொன்னான். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அன்றைக்கும் பாதி இட்லியை வைத்துவிட்டு வேலைக்கு இறங்கிப் போயிருந்தான்.

எழுதுவதுதான் அவள் வேலை. கருத்துச் சொல்வது அல்ல. ஆனாலும் சொன்னாள். அவள் பிறந்த ஊரில் ஒருத்தி வாசலில் உட்கார்ந்து புலம்பினால், அடுத்த வீட்டுக்காரி உலையை இறக்கி வைத்துவிட்டு, என்னட்டி ஆச்சு என்று வந்து நிற்பாள். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் ஒருத்தியும் புலம்பமாட்டாள்.

“பதில எதிர்பார்த்துத்தான் ஐயா புலம்புதாங்க. நேரா கேக்கத் தெரியல, அவ்வளவுதான்.”

வேலாயுதம் சிரித்தார். “ஜனங்க பேசுற வழக்கு இருந்தாச் சொல்லும்மா. வழக்கு இல்லாம பொருள் எழுத நாம என்ன சோசியரா?”

தன் பேச்சுக்கு வாசல் திறந்துவிட்டது என்று நினைத்தாள்.

“‘மதிலுக்கு அடியில கசியுதுக்கா. எத்தன தடவ சொல்ல? இனி நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?’ இன்னைக்குக் காலைல எந்தம்பி சொன்னது.”

ஜாபர் அவசரமாகத் தாளை இழுத்தார். மதில் அலுவலகத்துக்குத் தகவல் எழுதப்போகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவர் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தார். யாரிடம் சொல்வேன் என்கிறவனுக்குக் கேட்க ஆளில்லை என்பது தெரிந்தே இருக்கிறது, ஆகவே பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை என்று விளக்கினார். ரோஸ்லினுக்கும் அது சரியென்று பட்டது.

“இதவிடச் சுத்தமா ஒண்ணு கிடைக்காது. இதையே போட்டுடுவோம்” என்றார் வேலாயுதம்.

“ஐயா, இது நெசம். தம்பி இப்ப உள்ளதான் இருக்கான்.”

“நெசமாத்தாம்மா இருக்கும். நமக்குச் சொல்லுதானே வேலை? மதிலுக்குத் தனிக் குழு இருக்கு.”

அந்தக் குழுவுக்குச் செவியன் அனுப்பினால்தான் சேதி போகும். இந்த வாக்கியம் போய்ச் சேர்ந்த பிறகு, இறைப்பான்காரர்கள் வாய் திறந்தாலே செவியனுக்கு அது புலம்பல்.

பேனாவைக் கீழே வைத்தாள். “நான் எழுதமாட்டேன்.”

யாரும் கோபப்படவில்லை. ரோஸ்லின் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். “எழுதுன்னு யாரு சொன்னா? நடைக்கோடியில ஆற்றறை இருக்கு. போய்க் கொட்டிட்டு வா.”

முறையீடாகவே சொல்லிவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் போனாள். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுத்தந்த ஒழுங்கில் தொடங்கினாள்: இடம், ஆள், நடந்தது, வேண்டுவது. தம்பி பேரைச் சொன்னதும் குரல் உடைந்தது. நெஞ்சுப்பட்டை இளஞ்சூடாகி இறுக்கிப் பிடித்தது, யாரோ அணைத்துக்கொண்டது மாதிரி. ஒழுங்கு போயிற்று. காய்ச்சலில் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியது, அவன் வைத்துவிட்டுப் போன பாதி இட்லி, எல்லாம் வந்தது. அழுது ஓயும்வரை செவியன் குறுக்கிடவில்லை.

“கேட்டேன். லேசாக இருக்கிறதா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். லேசாகத்தான் இருந்தது. காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எங்கே போனதென்று தேடினாள். அகப்படவில்லை.

திரும்பி வந்தபோது தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. உருண்டையான கையெழுத்தில் பொருளை எழுதி, அதன்கீழ் வாக்கியத்தை எழுதினாள். வேலாயுதம் எட்டிப் பார்த்து, ‘அக்கா’வை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், பொது வாக்கியத்துக்கு உறவுமுறை எதற்கு என்றார். அதுவும் சரியென்றே பட்டது. எடுத்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.

உறையை மடித்தாள். அரக்கைச் சொட்டவிட்டு முத்திரையை அழுத்தினாள். குழாயின் மூடியைத் திறந்து உறையை வைத்தாள்; ஒரு பெருமூச்சோடு குழாய் அதை உள்ளே இழுத்துக்கொண்டது.