கத்தாத கார்

வாண்டுவின் அம்மா ஓட்டும் வாடகைக் காருக்கு வாய் நீளம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் போதும், 'க்ரீச்ச்ச்!' என்று தெருவையே எழுப்பிவிடும். அடுத்த நொடி பக்கத்து வீட்டுப் பாப்பா 'வீல்!' என்று அழும்.

இதில் பெரிய நஷ்டம் வாண்டுவுக்குத்தான். வாண்டு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தச் சிறுமிக்குப் பாப்பா என்றால் உயிர். ஆனால் தூக்கம் கெட்ட பாப்பா சாயங்காலம் முழுக்கச் சிணுங்கியது.

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு. இப்பத்தான் தூங்குது" என்று, விளையாடப் போன வாண்டுவிடம் சொல்லி, பக்கத்து வீட்டு அத்தை நான்கு நாளாகக் கதவைச் சாத்தினார். வாண்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கார் மெக்கானிக். பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, பவர் ஸ்டீயரிங் பம்ப்போட புல்லி உடைஞ்சிருக்கு. அதான் பெல்ட் கத்துது. மாத்திடலாம்."

"புல்லின்னா என்ன மாமா?"

"பெல்ட் ஓடுற சக்கரம். இது சுத்தினாத்தான் உங்கம்மாவுக்கு ஸ்டீயரிங் லேசா திரும்பும்."

பெல்ட்டைக் கழற்றி, ஒரு திருகு கருவியால் பழைய புல்லியை உருவினார். "இந்த வேலைக்குச் சுத்தியலே ஆகாது. ஒரு தட்டு தட்டினா பம்ப்போட கதை முடிஞ்சுது!" என்று பெருமையாகச் சொன்னார்.

புதியதையும் அப்படியே திருகித் திருகி அழுத்தினார். நடுவில் போன் வந்தது. அரட்டையை முடித்துவிட்டு வந்து பெல்ட்டை மாட்டினார்.

"இப்பப் பாரு, சத்தமே வராது!"

அம்மா சாவியைத் திருப்பினார்.

க்ரீச்ச்ச்!

வீல்!

மாமாவுக்கு மானமே போயிற்று. அம்மா இன்ஜினை நிறுத்துவதற்குள், "ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்" என்று சுத்தியலை எடுத்தார்.

"மாமா! சுத்தியலே ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

மாமா சுத்தியலை மெல்லக் கீழே வைத்தார்.

அம்மா இன்ஜினை நிறுத்தியதும் வாண்டு குனிந்து பார்த்தாள். பெல்ட் கொஞ்சம் கோணலாகப் போவதுபோல் தெரிந்தது. ஓடிப்போய்ப் பள்ளிப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துவந்தாள்.

"பெல்ட் ஓடுற இந்த ரெண்டு சக்கரமும் ஒரே நேரா நிக்கணுமா மாமா?"

"ஆமா, நிக்கணும்."

புதுப் புல்லியின் மேல் ஸ்கேலைப் படிய வைத்தாள். அதன் மறுமுனை பக்கத்துச் சக்கரத்தைத் தொடவில்லை. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"அடடா! போன் வந்ததும் பாதியிலேயே விட்டுட்டேனே!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றி, மறுபடி கருவியை மாட்டி, இன்னும் கொஞ்சம் திருகினார். இப்போது ஸ்கேல் இரண்டு சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு நின்றது.

மாமா பெல்ட்டை மாட்டியதும் அம்மா மீண்டும் சாவியைத் திருப்பினார்.

"என்னக்கா, ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகி ஒரு நிமிஷம் ஆச்சுடா!"

மறுநாள் விடியற்காலை கார் கமுக்கமாகக் கிளம்பியது. வாண்டு காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். 'வீல்' வரவே இல்லை.

எட்டு மணிக்குக் கதவைப் படபடவென்று தட்டும் சத்தம். தலைகூடச் சீவாமல், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை நின்றார்.

"உங்க கார் கத்தல, நாங்களும் சேர்ந்து தூங்கிட்டோம்! வேலைக்கு நேரமாச்சு. நான் கிளம்புற வரைக்கும் பாப்பாவைக் கொஞ்சம் வச்சுக்கோ கண்ணு!"

நன்றாகத் தூங்கி எழுந்த பாப்பா, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. வாண்டு அதை வாரி அணைத்துக்கொண்டாள்.

"மெதுவாவே கிளம்புங்க அத்தை!"