குடிக்காம வெச்ச கோப்பை

அந்த ஆளு மேல ஒரு மண் துகள்கூட இல்ல. நான்தான் முதல்ல பாத்தேன். பாத்துட்டும் வாயத் தொறக்கல. உன்கிட்ட மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத.

தம்பி நவாஃப் பள்ளிக்கூடம் சேரணும், அவனுக்கு ஷூ வாங்கத்தான் வாப்பா எங்க ரெண்டு பேரையும் அம்மான் டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சாயங்காலம் ராட்டினம் சுத்திட்டுத் திரும்பறதா பேச்சு. ஷூ மட்டும்தான் வாங்கினோம். தெற்கே மண் புயல் கிளம்புது, ரோட்ட மூடப் போறாங்கன்னு ரேடியோல சொன்னதும் வாப்பா வண்டியத் திருப்பிட்டாரு.

"ராட்டினம்னு சொன்னீங்கள்ல?" நவாஃபுக்கு அழுகையே வந்துடுச்சு.

"அடுத்த வாரம்டா ராஜா."

"எப்பப் பாத்தாலும் அடுத்த வாரம்!"

அது நடந்தா குதிகால்ல செவப்பு லைட்டு மின்னற ஷூ. கோவத்துல சீட்டுமேல தம் தம்னு மிதிச்சான். "டேய், ஆம்புலன்ஸ்னு நெனச்சு போலீஸ்காரன் வழி விடப் போறான்டா"ன்னு வாப்பா சொன்னதும் அழுதுட்டே சிரிச்சுட்டான்.

மூணு மணி இருக்கும். மானம் முதல்ல மஞ்சளாச்சு, அப்புறம் செங்கல் நெறம், அப்புறம் எதுவுமே தெரியல. வாப்பா ரோட்ட விட்டு எறக்கி நிறுத்தி லைட்ட அணைச்சாரு. கண்ணாடி மூடியிருந்தும் பல்லுல மண்ணு நறநறங்குது. புது ரப்பர் வாசனை, ஃபிளாஸ்க்ல இருந்து ஏலக்காய் காப்பி வாசனை, வெளிய யாரோ அரிசி அள்ளி அள்ளி வண்டி மேல வீசற மாதிரி ஓயாம ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல கண்ணாடிய யாரோ தட்டினாங்க. மெதுவா. மூணு தடவ.

வாப்பா ஒரு நொடிகூட யோசிக்கல. என்னைப் பின்னால நவாஃப்கிட்ட போகச் சொல்லிட்டு, கதவத் தொறந்து, "வாங்க, வாங்க, உங்க வீடு மாதிரி"ன்னாரு.

உசரமான ஆளு. கறுப்பு அங்கி. முகத்தத் துணியால சுத்தியிருந்தாரு, கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. வத்திப்போன கெணத்துல எட்டிப் பாத்தா ஒரு வாசனை வருமே, அது. அங்கி தொவச்சு மடிச்ச மாதிரி சுத்தமா இருந்துது. அந்தப் புயல்ல.

எங்க வழக்கத்துல விருந்தாளிகிட்ட மூணு நாளைக்குப் பேரு கேக்கக் கூடாது. வாப்பாவும் கேக்கல. காப்பி ஊத்தி, மொதல்ல தான் ஒரு வாய் குடிச்சுட்டு, இன்னொரு கோப்பைய நீட்டினாரு.

அந்த ஆளு வாங்கினாரு. குடிக்கல. முன்னால இருந்த பலகை மேல வெச்சுட்டாரு.

விருந்தாளி அப்படி வெச்சா ஏதோ கேட்டு வந்திருக்காருன்னு அர்த்தம். என்னன்னு கேக்கணும். வாக்குக் குடுக்கணும். அப்பதான் குடிப்பாரு. ஆனா கேக்காமலே வாக்குக் குடுக்கறவன்தான் எங்க ஆளுங்ககிட்ட பெரிய மனுஷன். வாப்பாவுக்கு அந்தப் பேரு மேல எப்பவும் ஆச.

நெஞ்சு நிமித்தி சொன்னாரு: "குடிங்க. எதுக்கு வந்தீங்களோ, அது உங்களுது."

அவரு துணிய வெலக்கி ஒரே மடக்குல குடிச்சாரு. போதும்னு கோப்பைய ஆட்டினாரு. அப்புறம் மொத தடவையா பின்னால திரும்பினாரு.

என்னைப் பாக்கல.

"அது மட்டும் வேணாம்"னு வாப்பா சொன்ன கொரல் இன்னும் காதுல இருக்கு. "வண்டிய எடுத்துக்கோங்க. என்னை எடுத்துக்கோங்க." அவரு கதவத் தொறந்தாரு. எறங்கிப் போயிட்டாரு. வாப்பா எல்லாக் கதவையும் பூட்டினாரு.

அப்ப நவாஃப் காதுகிட்ட வந்து, "ரஜ்வாக்கா, அவரு ராட்டினம் காட்டறாராம்"னான்.

அந்த ஆளு வாயே தொறக்கலியே.

மண்ணு என் மூஞ்சில அடிச்சுது. அவன் பக்கத்துக் கதவு. தொறந்து கெடந்துது. கால எட்டிப் புடிச்சேன். ஷூதான் வந்துது. ஒத்த ஷூ. இன்னொண்ணு இருட்டுக்குள்ள மின்னிட்டே போச்சு. ஒரு மின்னு. ஒரு மின்னு. அப்புறம் இல்ல.

பதினோரு நாள் தேடினாங்க. வாப்பா அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசல. தெனமும் அதே எடத்துக்குப் போயி, ரெண்டு கோப்பை ஊத்தி, தன்னோடத குடிக்காம மண்ணுல வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. யாராவது குடின்னு சொல்ல மாட்டாங்களான்னு.

இன்னிக்கு மதியம் மறுபடி புயல். வாப்பா அங்கதான் இருந்தாரு. இன்னும் வரல. வாசக்கதவத் தட்டற சத்தம். மூணு தடவ.

நவாஃப்.

உம்மா கதறிட்டே வாரி எடுத்தாங்க. முத்தம் குடுத்தாங்க, தலைய மோந்து பாத்தாங்க, அழுதாங்க, சிரிச்சாங்க. நான் கிட்டப் போகல. ஒரு கால்ல ஷூ. முடியில, மொகத்துல, சட்டையில ஒரு மண் துகள்கூட இல்ல.

உம்மா பாலச் சுட வெச்சு அவனுக்குப் புடிச்ச கோப்பையில குடுத்தாங்க.

வாங்கினான். குடிக்கல. கீழ வெச்சான்.

"உம்மா, எதுவும் சொல்லாதீங்க"ன்னு கத்தினேன். கத்தினேனா, நெனச்சேனான்னுகூடத் தெரியல.

"குடிடா என் தங்கமே"ன்னாங்க உம்மா. "என்ன கேட்டாலும் தரேன்."

ஒரே மடக்குல குடிச்சான். கோப்பைய ஆட்டினான்.

அப்புறம் திரும்பி என்னைப் பாத்தான்.