ஏழாம் நம்பர் கேபிள்

ஆள் இல்லாத மில்லில் ஏழாம் நம்பர் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பாலுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எரியத்தான் செய்தது. பொங்கலுக்குப் பீளமேட்டில் பாதிச் சனம் ஊருக்குப் போய்விட்டது. கேட்டில் வாட்ச்மேன், உள்ளே இவர், அவ்வளவுதான் மில்லு. அவர் எங்கே போவார், பாவம். மனைவி ராசாத்தாள் போனதிலிருந்து அவருக்குப் பண்டிகை கிடையாது.

செக்‌ஷனுக்கு ஒன்றாக இருக்கிற இண்டர்காம் பெட்டிகள் அவர் கையால் செய்தவை. கம்ப்யூட்டர் கேபிளில் சும்மா கிடக்கும் கம்பிகள் வழியாகவே அவற்றுக்குக் கரண்டும் கொடுத்துவந்தார். இப்போது பெங்களூரிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிற புது நெட்வொர்க் ஸ்விட்ச் அந்தப் பெட்டிகளைச் சீந்தவே இல்லை. மாட்டிவிட்டுப் போன நரசிம்மலு சிரித்துக்கொண்டே விளக்கினார். இது கண்ணை மூடிக்கொண்டு கரண்டு தராது. முதலில் ஒவ்வொரு கேபிளிலும் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்த இடத்துக்கு மட்டும் தரும், அந்த நம்பர் விளக்கும் பச்சையாக எரியும். உங்கள் பெட்டிகளுக்குப் பதில் சொல்லத் தெரியாது என்றார். லீவு முடிவதற்குள் சொல்லவைக்காவிட்டால் அத்தனையும் குப்பைக்குப் போகும். ராசாத்தாளின் குரல் கேட்ட பெட்டிகள் அவை. விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஏழாம் நம்பர், அவள் வேலை பார்த்த, நூல் சுற்றும் ரீலிங் செக்‌ஷன். ஷிப்ட் முடிந்ததும் அங்கிருந்துதான், "ஏனுங்க, வாரீங்களா?" என்பாள். அந்தப் பெட்டிக்குக் கீழேயே ஒருநாள் சரிந்து விழுந்தவள் பிறகு எழவில்லை. அந்தப் பெட்டியைக் காலையில்தான் அவர் கழற்றி எடுத்து வந்திருந்தார். மூடி திறந்து மேஜைமேல் கிடந்தது. ஏழாம் கேபிளின் அந்த நுனியில் இப்போது ஒன்றுமே இல்லை.

பிறகு எது பதில் சொன்னது?

எலி கடித்திருக்கும், ஈரம் இறங்கியிருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மெஷின் நின்றுபோன மில்லின் பஞ்சுத் தூசி வாடைக்கும் எண்ணெய் வாடைக்கும் நடுவே, அவள் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தலைவலித் தைலம் மெல்ல மணத்தது.

"ஏனுங்க."

மேஜைமேல் கிடந்த பெட்டியிலிருந்து. கேபிளே இல்லாத பெட்டி.

இருட்டின பிறகு யாராவது கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக் கூடாது. மனுஷர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள், மற்றதற்கு இரண்டுக்குமேல் வாய் வராது. இதைச் சொல்லி ராசாத்தாள்தான் அவரை மிரட்டுவாள். அவர் கேலி செய்வார்.

"ஏனுங்க."

இரண்டு. ஸ்விட்சின் ப்ளக்கைப் பிடுங்கினார். அதன் விசிறிச் சத்தம் நின்றது. ஏழு அணையவில்லை.

மூன்றாவது வராது. வரக் கூடாது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை.

வராதபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மில்லில் பாலுசாமியண்ணன், மெஸ்ஸில் பெரியவர். இன்னொரு தரம் கூப்பிட்டால் என்ன?

"ஏனுங்க."

மூன்று. அப்படியென்றால் அவளேதான். பயத்தை ஆசை முந்திக்கொண்டது.

"ஏன் ராசாத்தா? இங்கதான் இருக்கறேன்."

ஏழாம் விளக்கு அணைந்தது. கும்மிருட்டு. பெட்டி பேசவில்லை. தைல வாடையும் இல்லை. கூப்பிட்டது, பதில் கிடைத்தது, அதற்கு வேண்டியது அவ்வளவுதான். பதில் வந்த இடத்துக்குத்தான் கரண்டு என்று நரசிம்மலு சொன்னது அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். நாக்கில் கரண்டு சுருக்கென்றது. அப்புறம் பல்.

வாய்க்குள்ளிருந்து விரல் இடுக்கு வழியாக மேஜைமேல் பச்சை வெளிச்சம் விழுந்தது.