உப்புக்கண்டத்தில் துள்ளிய புழு

சேந்தமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து மலைமேல் அரியூர் நாட்டில் இறங்கியபோது பனி விலகியிருக்கவில்லை. என் தங்கை பாவாயி முந்தைய நாள் காலை மிளகுத் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாள் என்று செய்தி வந்திருந்தது. கணவன் இறந்த பிறகு அந்த ஒற்றை வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

அவள் கணவனின் அண்ணன் காளியண்ணன் வாசலில் நின்றார். உடலைப் பாயில் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஊதுபத்திப் புகை மூச்சை அடைத்தது.

"முகத்த மட்டும் பாத்துக்கறேனுங்க மாமா."

"வேண்டாம் அம்மிணி. கல்லுல அடிபட்டிருச்சு."

என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

அடுப்படிக்குப் போனேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆனால் இந்த அடுப்பு நேற்றுத்தானே அணைந்திருக்க வேண்டும்? அதற்கு மேலே கயிற்றில் உப்புக்கண்டம் தொங்கியது. தினமும் புகை படும்வரை அதில் ஈ அண்டாது. இப்போது கறுத்துப் பளபளக்கும் சின்ன ஈக்கள் கறியை மொய்த்திருந்தன.

டப்.

ஒரு வெள்ளைப் புழு உடம்பை வளைத்துத் துள்ளிச் சாம்பலில் விழுந்தது.

இன்னொன்று. பிறகு தூறல் போல.

ஈ முட்டையிட்டு, புழு இப்படித் துள்ள ஒரு வாரமாவது ஆகும். மலையில் பிறந்தவளுக்கு இது தெரியும்.

காளியண்ணனைப் பின்கட்டுக்கு அழைத்தேன்.

"அவள என்ன செஞ்சீங்க? செத்து எத்தன நாளாச்சு?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி சத்தியமா நான் ஒண்ணும் செய்யலீங்க. நேத்துத்தான் சரிவுல கண்டோம். பத்து நாளாவது ஆயிருக்கும். கதவு சாத்திக் கெடந்துச்சு. நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு இருந்துட்டோம். அதைய உங்ககிட்ட எந்த வாயில சொல்லுவேன்?"

"முந்தாநாள் வரைக்கும் தெனமும் போன்ல பேசினாளே!"

அவர் குரல் கிசுகிசுப்பாயிற்று.

"அந்த செல்லு அவ மடியிலதான் இருந்துச்சு அம்மிணி. தண்ணி பூந்து செத்துக் கெடந்துச்சு."

என் போனை எடுத்துப் பார்த்தேன். முந்தாநாள் மாலை. பாவாயி. பதினோரு நிமிடம்.

"அக்கா, இங்க ஒரே குளிரு. உன் ஊட்டுக்கே வந்துரட்டுமா?"

"வா கண்ணு. இதுக்கெல்லாம் பர்மிசன் கேப்பியா?" என்று சிரித்திருந்தேன்.

காரியம் முடித்து ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. என் வீட்டில் கறி எடுப்பதை நிறுத்திவிட்டேன். அடுப்படியைத் தினமும் கழுவுகிறேன்.

இன்று மதியம் சோறு வடித்து, பானையை மூடியிருந்த தட்டைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. சோற்றுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று துள்ளி என் புறங்கையில் விழுந்தது.

சில்லென்று இருந்தது.